பிழை எண் 41

அவர்கள் இடைவெளி விடுவதில்லை.
மாரத்தஹள்ளிப் பாலத்தடியில் ஆட்டோக்கள் மாதிரி
ஒன்றின் முதுகில் ஒன்று முட்டிக்கொண்டு
எழுத்துகள் நிற்கின்றன.
ஒரு சொல் எங்கே முடிகிறது என்று
முதல் மூன்று வாரம் என் நிரலுக்குத் தெரியவில்லை.
எனக்கும்.

நகோயாவிலிருந்து வரும் மடல்களில்
பிரேக் பற்றி ஏதாவது இருக்கும்.
மொழிபெயர்ப்பாளரை மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள்.
அதனால்தான் ராத்திரிகளில்,
கக்கதாசபுரா மூன்றாம் மாடி அறையில்,
தண்ணீர் லாரியின் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே
இந்தச் சின்ன பாட்டை எழுத ஆரம்பித்தேன்:
சொல்லைப் போட்டால் பொருளைச் சொல்லும்.
அதற்குமேல் பேசாது.

முதலில் வெறும் கட்டங்கள்தான் வந்தன.
கட்டம், கட்டம், கட்டம், கேள்விக்குறி.
நான் பதறவில்லை.
என் முதல் கணினியில் தமிழும்
இப்படித்தான் வந்தது,
ஆளில்லாத ஜன்னல் வரிசையாக.

பிறகு பேசியது.
ஹஷி என்று தட்டினால்
பாலம் என்றது, சாப்பிடும் குச்சி என்றது, விளிம்பு என்றது.
இதில் எது என்று கேட்டால்
மூன்றையும் திரும்பச் சொன்னது.
கோபித்துக்கொண்டு வெளியே வந்தேன்.
சில்க் போர்டில்
கட்டி முடியாத பாலத்துக்குக் கீழே
நடைபாதையின் விளிம்பில் நின்று ஒருவன்
பல்குச்சியால் குத்திக் குத்தி
கோபி மஞ்சூரியன் தின்றுகொண்டிருந்தான்.
சரி, மன்னித்தேன்.

வினைச்சொற்கள்தான் படுத்தின.
அகராதியில் இருக்கும் உருவத்தில்
யாரும் பேசுவதில்லை, எந்த ஊரிலும்.
தபேதகுனகத்தா.
வாலிலிருந்து உரிக்கவேண்டும்.
முதலில் நேற்று கழன்றது.
அடுத்து இல்லை.
அடுத்து ஆசை.
மிஞ்சியது: உண்.
மணி இரண்டரை.
நானும் சாப்பிட்டிருக்கவில்லை.

அக்டோபரில் அலுவலகத்துக்குத் திறந்துவிட்டேன்.
கான்பூர் அபிநவ் முதலில் தேடியது ஒரு கெட்ட வார்த்தை.
அகராதி அதற்கும் மரியாதையாகப் பொருள் வைத்திருந்தது.

நிஷிவாக்கி சான்,
எங்கள் நிரலில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும்
தானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுட்டிக்காட்டுபவர்,
ஒரு செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் எழுதினார்.
முதல் வரி ஆங்கிலத்தில்:
வியாழனன்று அறுவை சிகிச்சை, விடுப்பில் இருப்பேன்.
கீழே அவர் மொழியில்
ஆறே எழுத்து.

பாட்டில் போட்டோம்.
போ.
வா.
இரண்டு முடிவுகள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது.

அபிநவ் பிழை பதிந்தான். எண் 41.
"எதிரெதிர்ப் பொருள் தருகிறது.
அவர் போகிறாரா, வருகிறாரா?
முன்னுரிமை: உயர்வு."

அடுத்த இருக்கையில் சுமுகா
ஹெட்போனைக் கழற்றாமலே
"ஹோகி பர்த்தீனி" என்றான்.
'பிழை அல்ல' என்று அழுத்தி மூடினான்.
மறுபடி தன் பாட்டுக்குள் போய்விட்டான்.

எனக்கு அது நாக்கிலேயே இருந்தது.
எங்கள் வீட்டில்
போறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்க முடியாது.
கூப்பிட்டு நிறுத்தி
மிச்ச வினையையும் வாங்கிக்கொண்டுதான் விடுவார்கள்.
இதை அபிநவுக்கு எந்த மொழியில் விளக்குவது என்று
யோசித்துக்கொண்டிருக்கையில்
கேன்டீனில் தோசை முடிந்துவிட்டது.

வியாழன் போனது.
வெள்ளி, திங்கள்.
அவர் பெயருக்குப் பக்கத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி.
நகோயாவில் யாரிடம் கேட்டாலும்
நன்றி என்று மட்டும் பதில் வருகிறது.
அந்தச் சொல்லை பாட் இல்லாமலே எனக்குத் தெரியும்,
தெரிந்து என்ன.

நேற்றிரவு 41ஐத் திரும்பத் திறந்தேன்.
பொறுப்பு: என் பெயர்.
குறிப்பு:
முதல் வினை நடந்துவிட்டது.
இரண்டாவது நிலுவையில்.

இன்று காலைக் கூட்டத்தில்
இது ஏன் இன்னும் மூடப்படவில்லை என்றார் மேலாளர்.
லைன் சரியில்லாத மாதிரி
மைக்கை அணைத்துவிட்டு
புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.